நியோன் மீன்களோடு சேர்த்துக் கொடுப்பது

தம்பி,

நாளைக்குக் காலை பஸ்ஸில் உன் மீன்களைக் கொண்டு வருகிறேன். வாளியை உன் கையில் தருவேன், இந்தக் கடிதத்தை உன் சட்டைப் பைக்குள் வைப்பேன், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவேன். நான் ஏறிப் போன பிறகு இதை வாசி. என் முகத்துக்கு முன்னால் வாசித்தால் நான் இடையில் புகுந்து ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன். என் வாய் உனக்குத் தெரியும்தானே. முதலில் மீன்களைக் கவனி, பிறகு கடிதத்தைப் பிரி. பாவம், அதுகள் உயிலங்குளத்திலிருந்து வவுனியா வரைக்கும் குலுங்கிக் குலுங்கி வந்திருக்கும்.

இதை எழுதக் கதிரையை இழுத்துப் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகிறது. அதற்குள் நாலுதரம் எழும்பிவிட்டேன். வாளியைக் கழுவினேன். கழுவிய வாளியை இன்னொருதரம் கழுவினேன், பழைய பெயின்ற் மணம் போகவில்லையோ என்று. சவர்க்காரம் படக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், ஆகையால் வெறும் தண்ணீரும் தும்பும்தான். வெளியூர் போகும் மீனுக்கு முதல் நாள் தீன் போடக்கூடாது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் நான் தொட்டிக்குப் பக்கத்தால் போகும்போதெல்லாம் பன்னிரண்டும் கண்ணாடிக்குக் கிட்ட ஓடி வந்து நிற்கின்றன, பார்க்கப் பொறுக்கவில்லை. குசினிக்குள்ளிருந்து உன் அம்மா தங்கச்சியிடம் சொல்வது கேட்கிறது: "கலியாணம் முடிஞ்சு ஒரு கிழமையாச்சு. கொப்பர் இன்னும் பந்தலுக்குள்ள ஆள் தேடுற மாதிரியே திரியுறார். இருக்கச் சொல்லு பிள்ளை, பாக்கிற எனக்குக் கால் உளையுது." இருக்க முடிந்தால் இருக்கமாட்டேனா?

கலியாணத்துக்கு முதல் கிழமை உன்னிடம் கேட்டேன், வீட்டிலிருந்து என்ன கொண்டு போகிறாய் என்று. "ஒண்டும் வேண்டாம் அப்பா. மீனை மட்டும் பிறகு தாங்கோ" என்றாய். அந்த ஒண்டும் வேண்டாம் என்ற சொல் என்னை அன்றிலிருந்து இருக்க விடவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கட்டிய இடத்துக்குப் போகவேண்டியவன். நானும் அப்படித்தான் என் வீட்டை என் அக்காவுக்கு விட்டுவிட்டு வந்தேன், ஒரு குறையும் நினைக்கவில்லை. ஆனால் நான் என் அக்காவின் வீட்டுக்காக எதையும் பறிகொடுக்கவில்லை. நீ பறிகொடுத்தாய். இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவன் நீ, வெயிலுக்குள் நின்று புளொக் கல் அறுத்தவன் நீ, இந்த வீட்டுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நீ. அதே வீட்டைத் தங்கச்சிக்கு எழுதும்போது பக்கத்தில் நின்று, "அவளுக்குத்தானே அப்பா, எழுதுங்கோ" என்று சொன்னவனும் நீதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நேரே அங்கே போகத் தைரியம் வரவில்லை. மீனில் தொடங்கி வருகிறேன், கொஞ்சம் பொறு.

நீ முதன்முதலாக அந்தத் தொட்டியைக் கொண்டுவந்தபோது நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா? ஏ.சி. திருத்தும் வேலையில் சேர்ந்து ஆறு மாதமும் ஆகவில்லை, மன்னார் ரவுணிலிருந்து கண்ணாடித் தொட்டியும் ஒரு பை மீனுமாக வந்து இறங்கினாய். விரலின் ஒரு கணு அளவுகூட இல்லை ஒவ்வொன்றும். தலையிலிருந்து வால்வரை ஒரு நீலக் கோடு, அடியில் பாதி உடம்புக்குச் சிவப்பு. "இதைப் பொரிச்சா பல்லுக்குள்ளேயும் நிக்காது" என்றேன். நீ கோபிக்கவில்லை. நியோன் மீன் ஒருநாளும் தனியே இருக்காது, ஆறுக்குக் குறைந்தால் பயந்தே செத்துப்போகும், ஒன்றையொன்று கடிக்காது, தன் பாட்டில் கூட்டமாக ஓடித்திரியும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாய். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர், அது இதுகளுக்கு ஒத்துவராது என்று கூரைப் பீலிக்குக் கீழே நீலப் பீப்பாயை வைத்து மழைத்தண்ணீர் சேர்த்தாய். நான் அன்றைக்கே எண்ணத் தொடங்கினேன். நிற்காத மீனை எண்ணுவது எவ்வளவு கரைச்சல் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒருதரம் பதினொன்று வரும், ஒருதரம் பதின்மூன்று வரும். பன்னிரண்டு வரும்வரை நான் தொட்டியை விட்டு விலகமாட்டேன். நீ ஒருநாள் சொன்னாய், "அப்பா, நீங்கள் மேல நிண்டு பாத்துக்கொண்டிருந்தா அதுகள் மூலைக்குள்ள போய் ஒடுங்கியிடும். தள்ளிக் கதிரையைப் போட்டு இருங்கோ. அதுகள் தன்பாட்டில வரும்." தள்ளி இருக்கத்தான் எனக்கு இன்றுவரை வராது.

நீ கொழும்புக்கு மூன்று மாதம் பயிற்சிக்குப் போனாயே, அந்தக் கோடையில் பீப்பாய் வற்றிப்போனது. ஒரு கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர் மாற்றுங்கோ என்று நீ எழுதி ஒட்டிவைத்த தாளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை வெடித்தது. அந்தக் கிழமைதான் ஊரில் வயிற்றோட்டம் என்று சுகாதாரக்காரர் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தேன், அந்த மணம் வந்தது. உனக்கு விளங்கும், சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் பவுசர் வண்டியில் வந்த தண்ணீருக்கு இருந்த அதே மணம். செட்டிகுளத்தில் இருந்த காலம் முழுக்க அந்த மணம் இருந்தால்தானே உனக்கும் தங்கச்சிக்கும் குடிக்கத் தந்தேன். மணக்காத தண்ணீரை அம்மா மூன்றுதரம் கொதிக்க வைப்பாள். எனக்கு அந்த மணம் என்றால் நல்ல தண்ணீர் என்று மண்டைக்குள் ஏறியிருந்தது. சவர் கொஞ்சம் இருந்தாலும் கிருமியில்லாத தண்ணீர்தானே என்று மனம் நிறைந்து ஒரு வாளி அளவாக ஊற்றினேன். அரை மணித்தியாலத்துக்குள் பன்னிரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிவப்பு வெளிறிச் சாம்பலாகிப் போனது. நான் கையை உள்ளே விட்டுத் தண்ணீரை அடித்தேன், உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை, தம்பி.

அடுத்த நாள் பாலம் தாண்டி ரவுணுக்குப் போய் அதே அளவில் பன்னிரண்டு வாங்கினேன். அதற்கு முன்னே தாராபுரத்துச் சிநேகிதரின் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கேட்டு இரண்டு கலன் மழைத்தண்ணீர் எடுத்துவந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஏதோ கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் வாய்ப்பூட்டுப் போட்டேன். நீ வந்தாய், பையை இறக்கிவைக்க முன்னமே தொட்டிக்கு முன்னால் போய் இருந்தாய். உன் பழைய கூட்டத்தில் வால் கோணிய ஒன்று இருந்தது, கோணல் என்று பேர் வைத்திருந்தாய். புதுக் கூட்டத்தில் கோணல் இல்லை. நீ வெகுநேரம் பார்த்தாய். நான் அலுமாரிக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல நின்றேன். பிறகு திரும்பி, "நல்லாப் பாத்திருக்கிறியள் அப்பா" என்றாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இன்றுவரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது தொட்டியைச் சுற்றி இன்னொரு நடை போய்விட்டு வந்தேன். பன்னிரண்டு இருக்கிறது.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். உனக்குப் பதினேழு வயது. முகாமிலிருந்து வந்தவுடன் உன்னை வவுனியாவில் சின்னம்மா வீட்டில் விட்டோம், நீ உயர்தரத்தில் கணிதம் எடுத்திருந்தாய். நாங்கள் மூன்று பேரும் ஊருக்குத் திரும்பி, பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். ஊர் அலுவலர் விதானையார் வீட்டுத்திட்டத்துக்குப் பேர் எடுக்கிறார், காணியில் குடும்பமாக இருப்பவர்களுக்குத்தான் முதல் இடம் என்று ஊருக்குள் கதை. ஒரு சனிக்கிழமை நான் வவுனியாவுக்கு வந்து, சின்னம்மா வீட்டு முற்றத்தில் வைத்து உன்னிடம் சொன்னேன்: "தம்பி, நீ காணியில இல்லாட்டி எங்களுக்கு வீடு இல்லையாம். விதானையார் திட்டமாச் சொல்லிப்போட்டார். சாமானைக் கட்டு." நீ ஒருகணம் என் முகத்தைப் பார்த்தாய். "சோதினை முடியிற வரைக்கும் ஏலாதோ அப்பா?" என்று ஒருதரம்தான் கேட்டாய். "ஏலாது" என்றேன். "ஓம் அப்பா" என்றாய். திங்கட்கிழமை உன் கணித வாத்தியார் பள்ளிக்கூட வாசல்வரை வந்து, இந்தப் பிள்ளை கட்டாயம் கம்பஸ் போவான், ஒரு வருடம் பொறுங்கள் என்று என் கையைப் பிடித்தார். அவருக்கும் அதே விதானையார் கதையைத்தான் சொன்னேன். உன் புத்தகங்கள் உரப்பையில் ஊருக்கு வந்தன. கொட்டில் மூலையிலேயே இருந்து கறையான் தின்றது.

அது பொய், தம்பி.

விதானையார் அப்படிச் சொல்லவில்லை. அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து படிவம் நிரப்பினார். அம்மாவும் தங்கச்சியும் தண்ணிக்குப் போயிருந்தார்கள். "மகன் எங்க?" என்று கேட்டார். "இப்ப வந்திடுவான்" என்றேன். அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "வவுனியாவில படிக்கிறானாக்கும். அதுக்கேன் பயப்படுறியள்? பள்ளிக்கூடத்தால ஒரு கடிதம் எடுத்துத் தாங்கோ, போதும். உங்கட பேர் வெட்டுப்படாது. படிக்கிற பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு வந்திடாதேங்கோ" என்றார். ஒவ்வொரு சொல்லும் இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது. நான் தலையாட்டினேன். அந்த வாரமே வந்து உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காக உன்னைக் கூப்பிடவில்லை. எனக்குப் பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். சண்டைக்குள்ளால் வெளியேறி வந்தபோது உன் பெரியப்பா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், ஒருதரம்தான் கையை விட்டார், பெரியம்மா இன்றுவரை அந்தப் பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். முகாமில் ஒருநாள் மத்தியானம் நீ காணாமல்போனாயே, அடுத்த பகுதியில் பழைய சிநேகிதனைக் கண்டு கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பொழுதுபட வந்தாய். நான் அதற்குள் ஒவ்வொரு கூடாரமாகத் தலையை நீட்டிக் கேட்டு, குரல் போய், கடைசியில் உன்னைக் கண்டவுடன் கன்னத்தில் அடித்தேன். அன்றைக்கு உடம்பில் ஏறிய பதற்றம் இறங்கவேயில்லை. ஊருக்கு வந்த பிறகும் கொட்டிலுக்குள் மூன்று தலைதான் இருக்கிறது, நாலாவது எங்கே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வவுனியாவில் நீ நன்றாகத்தான் இருந்தாய், படித்தாய், சாப்பிட்டாய், எல்லாம் தெரியும். தெரிந்தும் என்னால் இருக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, வா என்று உன்னிடம் கேட்க வெட்கம். அதனால் வீட்டின் மேல் போட்டேன், விதானையாரின் மேல் போட்டேன்.

அந்த மனிதர் சுமந்த பழியை யோசித்துப் பார். உன் அம்மா அவரைப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவன் என்று எத்தனை நாள் சபித்தாள். அவர் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கமாட்டாள். அவர் ஏன் என்றே தெரியாமல் சிரித்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் உயிலங்குளச் சந்தியில் என்னைக் கண்டு, "உங்கட மகன் கம்பஸ் முடிச்சிட்டானோ?" என்று கேட்டார். நான் பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் வரவில்லை. இதெல்லாம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், நாளைக்குத் திரும்பி வந்து அவளுக்கும் சொல்வேன். அவள் என்ன செய்வாளோ தெரியாது. சட்டி பானை எல்லாம் பறக்கும்.

நீ இப்போது ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறாய். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய், கேள். ஆனாலும் பிழைவிட்டவனுக்குத்தான் பிழை கிடக்கும் இடம் தெரியும். பயம் வந்தால் பயம் என்றே அவளிடம் சொல். அதற்குச் சட்டம் என்றும் வழக்கம் என்றும் ஊர் என்றும் பேர்களை வைக்காதே. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகக் கேட்டால், அன்றைக்கு என்னை நினை. நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்: மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்காதே, தள்ளிக் கதிரையைப் போட்டு இரு. மீனுக்கும் அப்படித்தான். வாளியைப் புதுத் தொட்டிக்குள் கவிழ்த்துவிடாதே, உன் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக வாளிக்குள் ஊற்றிப் பழக்கு. முதல்நாள் லைற் போடாதே. நிறம் வெளிறித்தான் இருக்கும், பதறாதே. இவ்வளவும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரண்ட் அடிக்கடி நின்ற காலத்தில் நான் கதிரையில் இருந்து கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி இதுகளுக்குக் காற்றுக் கொடுத்தேனே, அந்த உரிமையில் சொல்கிறேன், விடு.

போனில் நீ சொன்னாய், "ஆறை நீங்கள் வைச்சிருங்கோ அப்பா. ஆறு எண்டாலும் அதுகளுக்கு ஒரு கூட்டம்தான்." நான் உடனே சரி என்றேன். மனதுக்குள் கணக்கு என்ன தெரியுமா? ஆறு இங்கே இருந்தால் அதைப் பார்க்கிற சாட்டில் நீ மாதத்துக்கு ஒருதரமாவது வருவாய். மறுபடியும் அதே வேலைதான், பார்த்தாயா, இந்த வயதிலும். இன்று காலை மனதை மாற்றிக்கொண்டேன். பன்னிரண்டையும் கொண்டுவருகிறேன். இதை வாசித்துவிட்டு உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வராதே. கோபம் தணிய ஒரு மாதமோ ஒரு வருடமோ ஆகட்டும். என்றைக்காவது உன் மனதுக்கு வரவேண்டும் என்று தோன்றினால் வா. தொட்டி இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கமாட்டேன்.

மனம் மாறியது எப்படி என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இன்று காலை புது விதானையார் வந்தார், தங்கச்சியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். வீட்டுப் பட்டியலைப் புதிதாக்குகிறார்களாம். வாளியும் கையுமாக முற்றத்தில் நின்றிருந்தேன். "ஐயா, வீட்டில இப்ப எத்தினை பேர்?" என்றார். "மூண்டு பேர் பிள்ளை" என்றேன். பழைய தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதில நாலு இருக்கு. மகன் எங்க?" என்று கேட்டார். அதே கேள்வி, அதே முற்றம். வாளியைக் கீழே வைத்தேன். "மகன் வவுனியாவில" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அம்மாவிடம் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் குடித்தார், பேனையை மூடினார், அடுத்த வீட்டுக்குப் போனார். வீடு அப்படியே நிற்கிறது, தம்பி.

அப்பா